நங்கூரமிட்ட காற்றாலைகள்: ஆழ்கடல் மின்சாரமும் பொருநைக் கரையும்

அரபு மொழியில் ‘மவ்ஸிம்’ என்னும் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். ஹஜ்ஜுக்குரிய காலம், அறுவடைக் காலம், சந்தை கூடும் காலம் ஆகிய யாவற்றையும் அச்சொல் குறிக்கும். அரபு மாலுமிகள் தம் வழக்கில் அதனைக் கடற்பயணத்துக்கு உகந்த காற்று வீசும் காலத்துக்குப் பெயராக்கினர். அவர்களிடமிருந்து போர்த்துக்கீசியரும், போர்த்துக்கீசியரிடமிருந்து பிற ஐரோப்பியரும் அதனைப் பெற்றனர். இன்று உலகெங்கும் வழங்கும் ‘மான்சூன்’ என்னும் சொல் அவ்வாறு பிறந்ததே. கி.பி. 15ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாலுமியான இப்னு மாஜித், தம் ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் நூலில், எந்தத் துறையிலிருந்து எந்தப் பருவத்தில் புறப்பட வேண்டும் என்பதைக் கணக்கிட்டு எழுதிவைத்தார். கடல் வாணிகத்துக்கு வேண்டிய மூலதனங்களுள் காற்றும் ஒன்றாக இருந்த காலம் அது.

அம்மூலதனத்தில் நம் பொருநைக் கரையினருக்கும் பங்கு இருந்தது. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அருகிலிருந்த காயல் துறையில் பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் குறித்துள்ளனர். அதற்கும் முந்திய கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போக, இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கிடையே கிடக்கிறது. துறைகள் தூர்ந்தன, ஆனால் காற்று தன் பருவம் தவறவில்லை. அதே காற்றுத்தான் இப்போது வேறொரு பயன் கருதி நம் கடலில் அளக்கப்பட்டு வருகிறது. கடலடியில் ஊன்றாமல், ஆழ்கடலின் மேல் மிதந்தபடியே மின்சாரம் தரும் காற்றாலைகள் எவ்வாறு இயங்குகின்றன, நம் மன்னார் வளைகுடாவுக்கு அவை பொருந்துமா, பொருந்துமெனில் எந்த முறைமையின் கீழ் வரவேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கணவாயிலிருந்து கடலுக்கு

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் மழையின் பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. எஞ்சிய காற்று மலைத்தொடரில் இடைவெளி உள்ள இடங்களை நாடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றுக் குற்றாலத்தில் சாரலாகத் தூவி, கடையநல்லூர், ஆலங்குளம், கயத்தாறு எனக் கிழக்கு நோக்கி விரைகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகும் காற்று முப்பந்தல், பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் வழியாகக் கடலை அடைகிறது. அகன்ற ஆறு குறுகிய பாலத்தின் கீழ் வேகம் கொள்வதைப் போன்றே, கணவாயில் நெருக்குண்ட காற்றும் வேகம் பெறுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை நெல்லைச் சீமையார் பிறரைக் காட்டிலும் நன்கறிவர்.

இந்தியாவில் காற்றாலை மின்சாரம் கால்கொண்ட இடங்களுள் நம் பகுதியும் ஒன்று. 1986ஆம் ஆண்டு, அப்போது திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த தூத்துக்குடிக் கடலோரத்து முள்ளக்காட்டில், ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனுடைய சிறு காற்றாலைகள் நாட்டப்பெற்றன. பின்னர் 1990களில், காற்றாலையில் இட்ட முதலை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நடுவண் அரசு சலுகை அளித்தபோது, நூற்பாலை முதலாளிகள் பலர் முப்பந்தலை நோக்கி வந்தனர். கயத்தாற்றில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனைக் களம் அமைந்தது. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. நெடுங்காலம் நாட்டில் முதலிடத்தில் இருந்த நம் மாநிலத்தை அண்மையில்தான் குஜராத் முந்தியது.

இவ்வரலாற்றில் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. காற்று இவ்வூர்களின் மேல் வீசிற்று. ஆலைகள் இவ்வூர்களின் நிலத்தில் நின்றன. எனினும் வரிச்சலுகையும் மின்சாரத்தின் விலையும் பெரும்பாலும் வெளியூர் முதலீட்டாளரையே சேர்ந்தன. மானாவாரி நிலத்தை விற்றவர் அவ்விலையோடு நின்றார். ஊர் இளைஞருள் சிலருக்குக் காவற்பணியும் பராமரிப்புப் பணியும் கிடைத்தன. நிலத்துக்காவது பட்டா இருந்தது, விற்பவருக்கு ஒரு விலையேனும் கிட்டியது. பட்டா இல்லாத கடலில் இதே கதை தொடங்கினால் என்னவாகும் என்னும் வினாவை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

கடலுக்குச் செல்வது ஏன்? ஆழத்துக்குச் செல்வது ஏன்?

காற்றிலிருந்து பெறத்தக்க ஆற்றல், அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றோடு ஒப்பிட, 8 மீட்டர் வேகக் காற்றில் ஏறத்தாழ 2.4 மடங்கு ஆற்றல் உண்டு. ஆகவே வேகத்தில் சிறிது கூடினாலும் வருவாயில் பெரிதும் கூடும். நிலத்தில் மரமும் மேடும் கட்டடமும் காற்றைத் தடுத்துக் குலைக்கின்றன. கடற்பரப்பில் அத்தடைகள் இல்லை. அங்கே காற்று விரைவாகவும் சீராகவும் வீசுகிறது. மேலும், நீண்ட இறகுகளைக் குறுகிய சாலைகளில் வளைத்துத் திருப்பிக் கொண்டுசெல்வது அரிது. கடலில் அந்த வரம்பும் இல்லை. இன்று கடலுக்கென ஆக்கப்படும் 15 மெகாவாட் காற்றாலையின் ஓர் இறகு 115 மீட்டர் நீளமுடையது. குமரிமுனையில் நிற்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு! முள்ளக்காட்டில் நின்ற ஆலைகளுள் 270ஐ ஒன்றுதிரட்டினால்தான் இத்தகைய ஓர் ஆலைக்கு ஈடாகும்.

உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை 1991இல் டென்மார்க்கின் விண்டெபி கடலோரத்தில் அமைந்தது. 11 ஆலைகள், மொத்தம் 5 மெகாவாட். அவை சில மீட்டர் ஆழமே உள்ள நீரில் கடலடியில் ஊன்றப்பட்டவை. அதன்பின் எழுந்த பெரும்பாலான கடற்காற்றாலைகளும் அவ்வாறே தரையில் ஊன்றியவை. பருத்த எஃகுத் தூண் ஒன்றைக் கடலடியில் அறைந்து, அதன்மேல் கோபுரத்தை நிறுத்துவது வழக்கம். ஆழம் மிகுந்தால் தூணுக்குப் பதிலாகக் கால்கள் பரப்பிய எஃகுச் சட்டகம் ஒன்றை இறக்குவர். ஏறத்தாழ 50, 60 மீட்டர் ஆழம் வரையில் இம்முறை செல்லும். நம் மீனவர் கணக்கில் சொன்னால், சற்றேறக்குறைய முப்பது பாகம். அதற்கு மேல் எஃகின் எடையும் செலவும் கட்டுக்கடங்காமல் உயர்கின்றன. ஆனால் ஐரோப்பியக் கடல்களின் காற்று வளத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு 60 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தின் மீதே வீசுகிறது என்பது அத்துறையினர் கணிப்பு. ஊன்ற முடியாத இடத்தில் மிதக்க விடுவதே வழி என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தமைக்குக் காரணம் இதுவே.

மிதப்பது எவ்வாறு நிமிர்ந்து நிற்கிறது?

உச்சியில் பலநூறு டன் எடையுள்ள மின்னாக்கிப் பொறியையும் இறகுகளையும் சுமந்த கோபுரம், அலையின் மேல் கவிழாமல் நிற்பது எப்படி? இதற்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் வழி. அடியில் பாரம் மிகுந்திருப்பதால் அப்பொம்மை எப்பக்கம் சாய்த்தாலும் மீண்டும் நிமிர்கிறது. அதுபோல், நீண்ட எஃகு உருளை ஒன்றின் அடிப்பகுதியைக் கனத்த பொருளால் நிரப்பி நீருக்குள் செங்குத்தாக நிறுத்துவர். ஈர்ப்பு மையம் வெகு கீழே இருப்பதால் கோபுரம் சாய்ந்தாலும் மீள்கிறது. இரண்டாவது, கட்டுமரத்தின் வழி. ஒன்றுக்கொன்று விலகிய மூன்று மிதவைத் தூண்களை முக்கோணமாகப் பிணைத்து, அவற்றுள் ஒன்றின் மேல் கோபுரத்தை நிறுத்துவர். அகன்ற அடித்தளமே இதற்குத் துணை. காற்று ஒருபுறம் அழுத்தும்போது, ஒரு தூணிலிருந்து மற்றொன்றுக்கு நீரை இறைத்துச் சமன் செய்வதும் உண்டு. மூன்றாவது, மிதக்கத் துடிக்கும் மிதவை ஒன்றைக் கடலடியிலிருந்து விறைப்பான வடங்களால் கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பது. நீர் மேலே தள்ளுகிறது, வடம் கீழே இழுக்கிறது. இவ்விரு விசைகளுக்கிடையே ஆலை அசையாது நிற்கிறது.

எவ்வழியாயினும், ஆலை காற்றோடு அடித்துச் செல்லப்படாதிருக்கச் சங்கிலிகளும் நங்கூரங்களும் வேண்டும். ஆலையில் விளையும் மின்சாரத்தைக் கரைசேர்க்க, அலைக்கேற்ப வளைந்துகொடுக்கும் மின்வடமும் வேண்டும். ‘நங்கூரம்’ என்னும் தமிழ்ச்சொல்லே ‘லங்கர்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. கடல் வாணிகத்தோடு நம்மிடம் வந்து தங்கியது. அரபு மொழியில் ‘ரஸா’ என்னும் வினைக்கு நிலைகொள்ளுதல், நங்கூரமிடுதல் என்னும் இரு பொருளும் உண்டு. கப்பல் நங்கூரமிடும் துறை ‘மர்ஸா’ எனப்படும். அதே வேரிலிருந்து பிறந்த ‘ரவாஸி’ என்னும் சொல்லைத் திருக்குர்ஆன் உறுதியாய் நிலைபெற்ற மலைகளுக்கு வழங்குகிறது. மண்ணில் ஊன்றிய மலையையும் நீரில் கட்டுண்ட கப்பலையும் ஒரே வேர்ச்சொல்லால் குறித்த அம்மொழி, நிலைபேறு என்பதற்கு ஊன்றுதல் மட்டுமே வழியன்று என்பதைத் தன் சொல்லமைப்பிலேயே வைத்திருக்கிறது.

திஜ்லா நதியின் மிதவை ஆலைகள்

நீரில் மிதக்கும் ஆலை, சங்கிலியால் கட்டுண்டு நிற்பது என்னும் கருத்துப் புதியதன்று. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் நாடுகள் பலவற்றைச் சுற்றிவந்த புவியியல் அறிஞர் இப்னு ஹவ்கல், மௌஸில் நகரில் திஜ்லா ஆற்றின் நடுவே மரத்தாலும் இரும்பாலும் ஆன மாவரைக்கும் ஆலைகள், இரும்புச் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டு மிதந்ததை விவரித்துள்ளார். ஆற்றின் விசை மிகுந்திருப்பது நட்டாற்றில். கரையோரம் நீர் மெல்ல ஓடும். எனவே ஆலையை விசை உள்ள இடத்துக்கே கொண்டுசென்றனர். வெள்ளம் ஏறினால் ஆலையும் ஏறும், வற்றினால் இறங்கும். இன்றைய மிதவைக் காற்றாலையின் அடிப்படைக் கருத்தும் இதுவே. காற்றைக் கொண்டு ஆலை சுழற்றியதும் அக்காலத்தவரே. சீஸ்தான் பகுதியின் காற்றாலைகளை இஸ்தக்ரீயும் மஸ்ஊதியும் குறித்துள்ளனர்; ஈரானின் குராசான் பகுதியில் நஷ்திஃபான் என்னும் ஊரில் செங்குத்து அச்சில் சுழலும் பழைய காற்றாலைகளை இன்றும் காணலாம்.

பொறியியலைக் காட்டிலும் நாம் இங்குக் கருதவேண்டியது, அக்காலத்துச் சட்ட வல்லுநர்கள் அத்தகைய ஆலைகளைப் பற்றி எழுப்பிய வினாவாகும். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்க இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) இயற்றிய ‘கிதாபுல் கராஜ்’, திஜ்லா, ஃபுராத் போன்ற பேராறுகளை எவருக்கும் தனியுடைமை ஆகாத பொதுவுடைமையாகக் கொள்கிறது. அத்தகைய ஆற்றில் படகுகள் செல்லும் வழியில் ஒருவர் ஆலை முதலியவற்றை நிறுத்தினால் என் செய்வது என்னும் சிக்கலையும் அந்நூல் ஆராய்கிறது. அவற்றால் விளையும் பயனையும் தீங்கையும் நிறுத்துப் பார்த்து, வழிச்செல்வோருக்குத் தீங்கு விளையுமாயின் அதனை நீக்குவதற்கும், சேதத்துக்கு அமைத்தவரையே பொறுப்பாக்குவதற்கும் அது இடமளிக்கிறது. ஆலை வேண்டாம் என்பது அவர் வாதமன்று. பொதுநீரில் தம் பயனுக்கென ஒன்றை நிறுத்துபவர், அந்நீரில் ஏற்கெனவே செல்வோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அதன் சாரம்.

உலகம் கண்டுள்ள அனுபவம்

பெரிய அளவிலான முதல் மிதவைக் காற்றாலை 2009இல் நார்வே நாட்டின் கார்மோய் தீவுக்கு அப்பால் 2.3 மெகாவாட் திறனுடன் நிறுத்தப்பட்டது. அதன் பயனாக, 2017இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் துறைக்குக் கிழக்கே ‘ஹைவிண்ட் ஸ்காட்லாந்து’ என்னும் உலகின் முதல் மிதவைப் பண்ணை இயங்கத் தொடங்கியது. 6 மெகாவாட் ஆலைகள் ஐந்து. ஆழம் 95 முதல் 120 மீட்டர். ஒவ்வொன்றும் அடிமுதல் இறகு நுனிவரை 253 மீட்டர். அதில் 78 மீட்டர் நீருக்குள். முதல் ஐந்தாண்டுகளில் அது தன் முழுத்திறனில் சராசரி 54 விழுக்காடு மின்சாரம் தந்தது. நிலத்துக் காற்றாலைகள் பொதுவாக இதில் பாதியளவே எட்டுகின்றன. போர்த்துக்கல் நாட்டில் ‘விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக்’ 2020இலும், ஸ்காட்லாந்தில் 50 மெகாவாட் ‘கின்கார்டின்’ 2021இலும், நார்வேயில் 88 மெகாவாட் ‘ஹைவிண்ட் டாம்பன்’ 2023இலும் முழுமையாக இயங்கத் தொடங்கின. கடைசியாகச் சொன்னது 260 முதல் 300 மீட்டர் ஆழத்தில் மிதக்கிறது. அதன் மின்சாரம் எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்குச் செல்கிறது என்பது காலத்தின் வினோதங்களுள் ஒன்று.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஹைவிண்ட் ஸ்காட்லாந்தின் ஐந்து ஆலைகளும் பெரும் பராமரிப்புக்காக 2024இல் நார்வேக்கு இழுத்துச் செல்லப்பட்டன. கின்கார்டின் ஆலை ஒன்று பழுதுநீக்கத்துக்காக 2022இல் ராட்டர்டாம் வரை சென்றது. துறைமுகத்திலேயே கட்டி முடித்து இழுத்துச் செல்லலாம் என்பது மிதவை ஆலையின் சிறப்பு. பழுதுற்றால் அதே வழியில் திரும்பவேண்டும் என்பது அச்சிறப்பின் விலை. ஜப்பான், ஃபுகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பின் அக்கடலில் 2013 முதல் மூன்று மிதவை ஆலைகளை நிறுத்திப் பார்த்து, வருவாய் ஈடுகட்டாமையால் 2021க்குள் அனைத்தையும் அகற்றிவிட்டது. பிரிட்டனில் 2024ஆம் ஆண்டு ஏலத்தில், ஊன்றிய கடற்காற்றாலைகளுக்கு மெகாவாட் மணிக்கு 59 பவுண்டுக்கும் குறைவான விலை முடிவாக, மிதவை ஆலைக்கு ஏறத்தாழ 140 பவுண்டு முடிவாயிற்று. இரு மடங்குக்கும் மேல்! தொழில் பெருகப் பெருக விலை குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஊன்றிய ஆலைகளின் விலையும் அவ்வாறே குறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

மன்னார் வளைகுடாவின் நிலை

இந்திய அரசு 2015 அக்டோபரில் தேசியக் கடற்காற்றாற்றல் கொள்கையை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 2013 முதல் 2018 வரை நடந்த ஆய்வுத்திட்டம், குஜராத் கடலோரத்திலும் தமிழகக் கடலோரத்திலும் தலா எட்டு மண்டலங்களைக் குறித்தது. தமிழகத்துக்குரியவை மன்னார் வளைகுடாவையும் குமரிமுனையையும் சார்ந்தவை. இம்மண்டலங்களில் ஏறத்தாழ 35,000 மெகாவாட் பெறலாம் என்பது அரசின் மதிப்பீடு. இன்று தமிழக நிலப்பரப்பில் உள்ள காற்றாலைத் திறனைப்போல் அது மும்மடங்கு. 2023 டிசம்பரில் கடலடிக் குத்தகை விதிகள் வெளியாயின. 2024 ஜூன் 19 அன்று நடுவண் அமைச்சரவை, குஜராத்தில் 500, தமிழகத்தில் 500 என 1,000 மெகாவாட்டுக்கும், அதற்கு வேண்டிய இரு துறைமுகங்களின் மேம்பாட்டுக்குமாக ரூ.7,453 கோடி ஒதுக்க இசைந்தது. இவ்வாயிரம் மெகாவாட்டால் ஆண்டுக்கு 372 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும் எனக் கணக்கிட்டுள்ளனர். எனினும் இக்கட்டுரை எழுதப்படும் வரை இந்தியக் கடலில் ஒரு காற்றாலையும் எழவில்லை.

இப்போது திட்டமிடப்பட்டிருப்பவை ஆழம் குறைந்த பகுதிகளில் ஊன்றத்தக்கவையே. இதிலேதான் நம் கடலுக்கே உரிய சிக்கல் தொடங்குகிறது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள் பவளப் பாறைகளுடன் வரிசையாய்க் கிடக்கின்றன. அவை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. ஆவுளியா எனக் கடலோர மக்கள் அழைக்கும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகள் ஆழம் குறைந்த இக்கடலில்தான் உள்ளன. ஒரு காலத்தில் முத்துக் குளித்ததும், சங்கு குளித்து வருவதும் இங்குள்ள பார்களில்தாம். நாட்டுப்படகினர் அன்றாடம் வலைவீசும் இடமும் கரையையொட்டிய இதே நீர்தான். குமரிக்குத் தெற்கே, 1976ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்பாட்டில் இந்தியாவுக்குரியதென ஏற்கப்பட்ட வாட்ஜ் திட்டு, மீன்வளத்தில் பெயர்பெற்றது. சுருங்கச் சொன்னால், ஆலையை ஊன்ற ஏற்ற ஆழமும் உயிர்கள் செழிக்கும் ஆழமும் மீனவர் பிழைக்கும் ஆழமும் ஒன்றாகவே இருக்கின்றன.

மிதவை ஆலை இந்நெருக்கடிக்கு ஒரு விடை தருகிறது. மன்னார் வளைகுடாவின் கடலடி தெற்கு நோக்கிச் செல்லச் செல்ல ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமாகிறது. 2011இல் இலங்கைப் பக்கத்து மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டறியப்பட்டதும் அத்தகைய ஆழத்தில்தான். அவ்வளவு ஆழம் இன்றைய மிதவை ஆலைகளுக்கும் மிகுதி. எனினும் தீவுகளுக்கும் பவளப் பாறைகளுக்கும் அப்பால், நூறு, இருநூறு மீட்டர் ஆழமுள்ள சரிவுகளில் அவற்றை நிறுத்த இயலும். கடலடியில் பெருந்தூண் அறையும் அதிர்வு இல்லை. நிலைத்த அடித்தளம் இல்லை. காலம் முடிந்தபின் சங்கிலியைக் கழற்றி ஆலையை அகற்றிவிடலாம். இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை ஆழம் நமக்கு மீட்டுத் தருகிறது. இதுவே மிதவை ஆலையால் நம் கடலுக்குக் கிடைக்கும் முதன்மையான நன்மை எனக் கருதுகிறோம். மின்சாரத்தின் விலை அதற்கு அடுத்ததே.

ஆனால் கரைக்கு அப்பாலுள்ள கடல் ஆளற்ற வெளி என்று எண்ணிவிடலாகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிமுனையைக் கடந்தபோது உயிரிழந்தவருள் பலர், கரையிலிருந்து வெகுதொலைவில் தொழில் செய்துகொண்டிருந்த ஆழ்கடல் மீனவர்கள் என்பதை நாடறியும். மிதவை ஆலையின் கோபுரம் ஒரு புள்ளியில் நின்றாலும், அதன் சங்கிலிகள் நீருக்குள் பலநூறு மீட்டர் சுற்றளவில் விரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அச்சங்கிலிகளில், நீரோட்டத்தில் மிதந்துசெல்லும் வழிவலை சிக்கும். இழுவலையை அங்கே இழுக்கவே இயலாது. புயலுக்கும் அலைக்கும் தாங்குமாறு ஆலையை அமைப்பது பொறியாளர் பணி. வலைக்கும் வழிக்கும் இடம் விடுவது ஆட்சியாளர் பணி.

எதிர்க்கரையின் பாடமும் அருகிலேயே இருக்கிறது. இலங்கையின் மன்னார்த் தீவில் 30 ஆலைகளுடன் 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அப்பெயர், இலங்கையின் பழம்பெயராகிய தம்பபண்ணியையும், அதன் வழியே நம் தாமிரபரணியையும் நினைவூட்டுவது. அப்பண்ணை நிலத்தில் நிற்பதே. எனினும் வலசைப் பறவைகளின் வழி, மழைநீர் வடியும் வழி, மீன்பிடி ஆகியவை பாதிக்கப்படும் என்னும் கவலையால், மேலும் ஆலைகள் அமைவதை எதிர்த்து மன்னார் மக்கள் 2025இல் நெடிய போராட்டம் நடத்தினர். தூய மின்சாரம் என்பதனாலேயே மக்கள் இசைவு தானாக வந்துவிடாது என்பதற்கு அது சான்று.

கடல் யாருடையது?

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 200 கடல்மைல் வரையிலான தனிப்பொருளாதார மண்டலத்தில் நீர், நீரோட்டம், காற்று ஆகியவற்றிலிருந்து ஆற்றல் பெறும் உரிமையைக் கரைநாட்டுக்கு வெளிப்படையாகவே வழங்குகிறது. இந்திய அரசமைப்பில், கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரையே மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அவ்வெல்லைக்கு உட்பட்டதே. ஆலைகள் ஆழத்தை நாடி அவ்வெல்லையைக் கடக்குந்தோறும், மீனவர் நேரில் சென்று முறையிடத்தக்க மாவட்ட அலுவலகங்களின் கையிலிருந்து முடிவு நழுவுகிறது. இடநெருக்கடியைத் தீர்க்கும் அதே ஆழம், மக்களின் குரல் எட்டாத தொலைவையும் உண்டாக்குகிறது.

ஆகவே முறைமை முதலில், நங்கூரம் பின்னர் என்னும் வரிசை வேண்டும். காற்றின் வேகத்தையும் கடலின் ஆழத்தையும் அளக்க இத்தனை ஆண்டுகள் செலவிட்டோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, எந்தக் காற்றுக்கு எந்தப் பாரில் எந்த மீன் வரும் என்பதைத் தலைமுறையாய் அறிந்த மக்களிடம், அவர்கள் தொழில் செய்யும் இடங்களை ஊர்தோறும் கேட்டு வரைபடமாக்கும் பணி அதே அக்கறையோடு நடைபெற வேண்டும். மண்டலங்களை இறுதி செய்யுமுன் அவ்வரைபடம் மேசைமீது இருக்கவேண்டும். ஆலைகளுக்கிடையே படகுகள் செல்லும் வழியும், வலைவீச விலக்கப்பட்ட பரப்பும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். சங்கிலியில் சிக்கி வலை அறுந்தால், மீனவர் நீதிமன்றப் படியேறாமல் ஈடு பெறும் ஏற்பாட்டைக் குத்தகைதாரரின் செலவில் முன்கூட்டியே நிறுவவேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் உள்ளது. கடலடிப் பணிகளை இயன்றவரை அந்நாட்களில் முடிப்பது இடையூற்றைக் குறைக்கும். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் ஆலைகளைக் கட்டி இழுத்துச் செல்லும் தொழில் வருமாயின், காலங்காலமாகத் தோணி கட்டியும் ஓட்டியும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதில் பயிற்சியும் பணியும் முதலில் கிடைக்கவேண்டும்.

இவற்றுள் எதுவும் அறிவியலுக்கு எதிரானதன்று. நிலக்கரிப் புகையைக் குறைக்க வேண்டிய காலம் இது; தூத்துக்குடியில் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளைக் கண்டு வளர்ந்த நமக்குக் காற்றின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முப்பந்தலில் நிலம் விற்றவருக்கு நேர்ந்தது வலைவீசுவோருக்கு நேராமல் பார்த்துக்கொள்வதே இப்போது வேண்டுவது. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. நம் கடலில் இன்றுவரை ஒரு சங்கிலியும் இறங்கவில்லை. திஜ்லாவில் ஆலை நிறுத்தியவரிடம் அபூயூஸுஃப் எதிர்பார்த்த பொறுப்பை, மன்னார் வளைகுடாவில் ஆலை நிறுத்த வருவோரிடமும் குத்தகைப் பத்திரம் கையொப்பமாகும் முன்னரே நாம் கேட்டுப் பெறவேண்டும்.